தலை திரும்பினால் கத்தியும் திரும்பும்

பல்லடம் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறேன். மடக்குக் கத்தி பிடிக்க ஆரம்பித்து 26 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என் கையால் விழுந்த கீறல்களில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணம் டிவி.

நாற்காலிக்குப் பின்பக்கச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தேன். உட்கார்ந்திருப்பவர் எதிரே இருக்கும் கண்ணாடியில் படம் பார்த்துக்கொள்வார் என்று கணக்கு. ஆனால் கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும். பந்து போவது தெரியும், ஸ்கோர் படிக்க வராது. படிக்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பியாக வேண்டும்.

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். அதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அப்படியொரு ஞாயிறு சாயங்காலம், ஐபிஎல் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் எங்கள் வீதி மாமா, 60 வயது தாண்டியவர். கத்தி அவருடைய இடது தாடைக்குக் கீழே இருந்தது. பெஞ்சில் இருந்த பசங்க 'அவுட்டு!' என்று ஒரே கத்து. திரும்பினேன். தலையோடு தோள் வந்தது, தோளோடு கை வந்தது, கத்தி அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது.

கீறல் சின்னதுதான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. படிகாரம் வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. துண்டை மடித்து அழுத்திக்கொண்டு நின்றேன், அதுவும் நனைந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, நீ எதுக்கு இப்படி பயந்துக்கற" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை போடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சின்னக் கீறல்கூட நிற்க நேரம் பிடிக்கும். சோப்பு போடுவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் டிவியைக் கழற்றினேன். வாடிக்கைக்காரர் இரண்டு பேர் அடுத்த வீதிக் கடைக்கு மாறிவிட்டார்கள். போகட்டும்.

அரை அங்குலம் நகர்ந்ததற்கா இவ்வளவு என்று கேட்கலாம். தக்காளி அரிகிற கையைக் கவனித்துப் பாருங்கள். கத்தியை மேலிருந்து வெறுமனே அமுக்கினால் தோல் குழிவிழும், அறுபடாது. லேசாக முன்னும் பின்னும் இழுத்தால் உடனே உள்ளே இறங்கிவிடும். சவரமும் அதே கதைதான். மண்வெட்டியால் வரப்பை வழிப்பது போல, கூர்வாய்க்குக் குறுக்காக இழுக்கும்வரை முடி மட்டும் போகும். அதே கத்தி தன் நீளவாக்கில் ஒரு நூல் நகர்ந்தால் தோல் போகும். திடுக்கிட்ட கை எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. நாம் வழித்துக்கொண்டிருந்த பக்கமாக மட்டும் போகாது.

இன்னொன்று சாய்மானம். கத்தியின் முதுகை முகத்திலிருந்து சுமார் 30 டிகிரி தூக்கிப் பிடிப்போம். ரொம்பப் படுத்தால் முடியைப் பிடுங்கும், நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். பேச்சு சுவாரசியத்தில் முதலில் கெடுவது இந்தச் சாய்மானம்தான். வெட்டு விழாது, ஆனால் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது முகம் எரியும். "உன்ற கடைல பிளேடு சரியில்லப்பா" என்பார்கள். பிளேடு புதுசுதான், நான்தான் சரியில்லாமல் இருந்திருப்பேன்.

என் அப்பாரு கல்யாண வீடுகளில் மங்கல வாழ்த்துப் பாடியவர். கொங்குக் கல்யாணத்தில் அதைப் பாடுவது எங்கள் குடும்பங்களுக்கு உள்ள முறை. மைக் இல்லாமலே பந்தலின் கடைக்கோடி வரைக்கும் கேட்கும் தொண்டை அவருக்கு. அதே மனுசன் மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கும்போது வாயே திறக்க மாட்டார். சுற்றி நின்று மச்சான்மார்கள் கேலி பேசுவார்கள், ஒறம்பரைக் கூட்டம் நெருக்கும், எங்கேயோ பாத்திரம் விழும். யாராவது கூப்பிட்டால் கத்தியை முகத்திலிருந்து எடுப்பார், மடக்குவார், அதற்கப்புறம்தான் நிமிர்ந்து "என்னுங்க" என்பார். முதலில் கத்தி, அப்புறம் தலை. மேட்ச் பார்த்த அன்று நான் இந்த வரிசையைத்தான் மாற்றிப்போட்டேன்.

இன்றைக்கு டிவியைவிடப் பெரிய தொந்தரவு, போர்த்திய துணிக்கு அடியில் சட்டைப் பையில் கிடக்கும் போன். அது அதிர்ந்தால் உட்கார்ந்திருப்பவரின் தாடை தானாகக் கீழே வரும், கை தானாக மேலே வரும். அவர் மேல் தப்பில்லை, உடம்பின் பழக்கம் அது. அதனால் நாற்காலியில் ஏறும்போதே போனைக் கண்ணாடி முன்னால் இருக்கும் பலகையில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு நூல் ரேட் பேசுகிறவர்கள் தனி ரகம். "நீங்க பேசி முடிங்கண்ணா, நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் நான் வாசலைத் தாண்டுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

கழுத்தில் கத்தி இருக்கும்போது நான் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தாலே குரல்வளை ஏறி இறங்கும். "எச்சி முழுங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு, அது ஓய்ந்த பிறகு, தோலை மேட்டிலிருந்து பக்கத்துக்கு இழுத்துப் பிடித்து வழிப்பேன். தாடை எலும்பின் கீழ் விளிம்பிலும் ஓர் இடம் உண்டு. பல்லைக் கடித்தால் புடைக்கிற சதைக்குச் சற்று முன்னால் விரல் வைத்துப் பாருங்கள், நாடி துடிக்கும். முகத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அங்கே எலும்பின் மேல் ஏறிப் போகிறது. அந்த இடத்தில் அவசரம் கூடாது.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. நுரைத்தாலும் மின்விசிறிக் காற்றில் உடனே காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் கத்தி வழுக்காமல் தட்டித் தட்டி நிற்கும். சவரத்துக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு குடம் தனியாக வைத்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிரிக்கிற கடைக்காரர்கள் உண்டு.

இப்போது தம்பிகள் பலர் ஆன்லைனில் மடக்குக் கத்தி வாங்கி வீட்டிலேயே வழிக்கப் பழகுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல பழக்கம்தான். ஆனால் ஷிப்ட் பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுக்காதீர்கள். குளித்த பிறகு, முடி ஊறியிருக்கும்போது, கதவைத் தாழ்போட்டு, காதில் பாட்டு இல்லாமல் செய்யுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் தாழ் ரொம்ப முக்கியம். அது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் நேரம் நமக்குத் தெரியாது. முதல் சில வாரம் கன்னம் இரண்டும் மட்டும் போதும், மோவாயும் கழுத்தும் வழக்கமான ரேசருக்கே இருக்கட்டும். கழுத்து முடி ஒரே திசையில் வளர்வதில்லை. சவரம் செய்யாத நாளில் விரலால் தடவினால் எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று பிடிபடும். எதிர் இழுப்புக்கு ஆசைப்படாதீர்கள். வெட்டு தப்பினாலும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளம் கட்டும்.

தோலை இழுத்துப் பிடிக்கும் கையின் விரல் நுனியில் கொஞ்சம் படிகாரம் தேய்த்துக்கொண்டால் சோப்பில் வழுக்காது. அந்தக் கை வழுக்கினால் தோல் தொய்ந்து, கத்திக்கு முன்னால் மடிப்பு விழும்.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தான். கன்னத்தில் ஒரு கீறலும் இல்லை, உள்ளங்கையில் பெரிய கட்டு. சோப்புக் கையிலிருந்து கத்தி நழுவியிருக்கிறது, எட்டிப் பிடித்திருக்கிறான். கிரிக்கெட் ஆடுகிற பையன், அனிச்சையாகக் கை போயிருக்கும். விழும் கத்தியைப் பிடிக்கவே கூடாது. கையை எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு எட்டு வையுங்கள். கத்தி நெளிந்தால் நெளியட்டும். காலில் செருப்பு இருந்தால் இன்னும் நல்லது.

சரி, வெட்டிவிட்டது. என்ன செய்வது? தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், விபூதி எதுவும் வேண்டாம். அழுத்தியும் நிற்கவில்லை, வெட்டு வாய் பிளந்திருக்கிறது, ரத்தம் பீறிடுகிறது என்றால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கேயே டிடி ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னக் கீறலையும் நாலு நாள் கவனித்துப் பார்க்க வேண்டும், ஆற நாளாகும், சீழ் பிடிக்கலாம்.

சலூனுக்கு வருகிறவர்கள் ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள்: உங்களுக்கென்று புது பிளேடைக் காகிதத்தோடு ஒடித்துப் போடுகிறார்களா என்று. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஊருக்கே ஒரே படிகாரக் கல்லைத் தேய்ப்பதும் இதனால்தான் தப்பு. நான் சின்னத் துண்டுகளாக உடைத்து வைத்து, ஒருவருக்கு ஒன்று என்று தூக்கிப்போட்டுவிடுகிறேன். தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பிகள் இந்தக் கிருமிக்கான தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள், நம் விரலும்தான் அறுபடுகிறது.

அக்கா மகன் இப்போது என்னிடம் தொழில் பழகுகிறான். ஊதிய பலூனில் சோப்பு நுரை தடவி, அது வெடிக்காமல் வழிக்க வேண்டும். முதல் வாரத்தில் 11 பலூன் போனது. இப்போது கை நன்றாகவே வருகிறது, அதனால் சோதனையை மாற்றிவிட்டேன். அவன் வழித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று போனை அலற விடுவேன், பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், சீப்பு டப்பாவைக் கவிழ்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை, கடைக்கு லீவு நாள், எவர்சில்வர் தம்ளர் ஒன்றைத் தரையில் போட்டேன். கத்தி மேலே வந்தது, மடங்கியது. அப்புறம் தலை திரும்பியது.

"என்னுங் மாமா" என்றான்.

அதற்குள் நுரை காய்ந்துவிட்டிருந்தது. மறுபடி தடவச் சொன்னேன்.