தங்கக் கொத்தும் நொதியும்: வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா?

சாதாரணத் தங்கத்தின் மேல் புற ஊதா ஒளியை அடித்தால் ஒன்றும் நடக்காது. அதே தங்கத்தில் 25 அணுக்கள் மட்டும் ஒரு கொத்தாகச் சேர்ந்திருந்தால் சிவப்பாக ஒளிரும். 2 நானோமீட்டருக்கும் சிறிய கொத்தில் எலக்ட்ரான்கள் உலோகத்தில் போல இஷ்டத்துக்கு அலைய முடியாது, தனித்தனி ஆற்றல் படிகளில்தான் நிற்க முடியும். மேல் படிக்கு ஏறியது கீழே இறங்கும்போது ஒளி வருகிறது. இந்த ஒளி மாறுவதை வைத்து ரத்தம் போன்றவற்றில் இருக்கும் நொதிகளை அளக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஆனால் எல்லாம் ஒளியோடு இறங்குவதில்லை. 2009இல் மாட்டு ரத்த ஆல்புமின் புரதத்துக்குள் வளர்த்த தங்கக் கொத்துகள், உள்வாங்கிய 100 ஃபோட்டான்களுக்குச் சுமார் 6 ஃபோட்டான்களைத்தான் திருப்பித் தந்தன. கொத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள், அதாவது லிகண்டுகள், ஆடிக்கொண்டே இருப்பதால் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த ஆட்டத்தை அடக்கினால் வெளிச்சம் கூடும். வேறு லிகண்டு போர்த்திய ஒரு தங்கக் கொத்தில், அர்ஜினைன் என்கிற அமினோ அமிலத்தை வெளியே பிணைத்து லிகண்டுகளை விறைப்பாக்கியபோது, திரும்பி வரும் ஃபோட்டான்களின் பங்கு 60 விழுக்காட்டையும் தாண்டியது.

சரி, அப்படியே இறுக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. நொதி வந்து தொட வேண்டிய இடமும் பெரும்பாலும் அந்த லிகண்டுதான். புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின், கொத்துக்கு லிகண்டாக இருக்கும் ஆல்புமினைத் துண்டாக்கும்போது உள்ளே இருக்கும் தங்கம் வெளிப்பட்டு ஒளி மங்குகிறது, அந்த மங்கலை வைத்துத்தான் நொதியை அளக்கிறோம். நொதி நுழையவே முடியாதபடி பூட்டிவிட்டால், பளிச்சென்று எரியும், எதையும் சொல்லாது.

மங்குவதை நம்புவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. செம்பு அயனி வந்தாலும் மங்கும், பாதரச அயனி வந்தாலும் மங்கும், மங்கவைத்தது நொதிதானா என்று எப்படிச் சொல்வது? நொதி வந்தால் ஒளி கூடும்படி அமைப்பதுதான் மேல். கல்லீரல், எலும்பு நோய்களில் ரத்தத்தில் கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற நொதி இதற்குத் தோதானது. இரண்டு பாஸ்பேட்டுகள் இணைந்த பைரோபாஸ்பேட், துத்தநாக அயனியைப் பிடித்து வைத்திருக்கும்; நொதி அந்தப் பைரோபாஸ்பேட்டை உடைத்தால் விடுபட்ட துத்தநாகம், குளுட்டாதயோன் என்கிற சிறு மூலக்கூறை லிகண்டாகப் போர்த்திய கொத்துகளை நெருக்கமாகச் சேர்க்கிறது. நெருங்கினால் லிகண்டுகளுக்கு ஆட இடமில்லை, ஒளி கூடுகிறது.

அப்புறம் ரத்தமே கொஞ்சம் ஒளிரும் என்கிற தொல்லை. அது நானோநொடிகளில் அணைந்துவிடும். பல தங்கக் கொத்துகளின் ஒளி மைக்ரோநொடி வரை நீடிக்கும் என்பதால், சற்றே தாமதித்து அளந்தால் கொத்தின் ஒளி மட்டும் மிஞ்சும். இதைவிடக் கடினமானது, ரத்தத்தில் இருக்கும் தயோல்கள், அதாவது தங்கத்தோடு ஒட்டும் கந்தகச் சேர்மங்கள், லிகண்டைப் பிடுங்கிவிட்டுத் தாங்கள் ஒட்டிக்கொள்வது. அதனால் அமிலத்தன்மை மாறாத சுத்தமான தாங்கல் கரைசலில் எடுத்த அளவைவிட, சீரத்தில், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்மத்தில், எடுத்த அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.