கதவருகே ஆண்டு எழுதிய பலகை: மாசசூசெட்ஸில் பழைய வீட்டை யார் காப்பாற்றுகிறார்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய ஊர்களுக்குள் போனால், சில வீடுகளின் கதவருகே கட்டிய ஆண்டும் முதல் உரிமையாளர் பெயரும் எழுதிய சின்னப் பலகையைப் பார்க்கலாம். பார்த்ததும் ‘இந்த வீட்டை இனி யாரும் தொட முடியாது’ என்று தோன்றும். தாராளமாகத் தொடலாம். ஊரில் தடுக்கும் விதி எதுவும் இல்லையென்றால் முழுதாக இடித்தும் தள்ளலாம். பலகை பெருமைக்கு. தடுக்கும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. அது மாநிலத் தலைநகரிலோ வாஷிங்டனிலோ இல்லை, பெரும்பாலும் அந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு உருவாக்கிய ஒரு சின்னக் குழுவின் கையில்தான்.

இங்கே எல்லோரும் குழம்புவது மூன்று அடுக்குகளைப் பற்றி. வீடு வாங்குபவர், விற்பவர், சில சமயம் தரகர்கூட இவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடுகிறார்கள்.

முதல் அடுக்கு, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு. 1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியல் இது. கேட்கப் பெரிய பெயர். ஆனால் தனியார் ஒருவர் தன் சொந்தக் காசில் தன் வீட்டை மாற்றினால் இந்தப் பட்டியல் குறுக்கே வராது. மத்திய அரசின் பணமோ உரிமமோ அனுமதியோ ஒரு வேலையில் சேரும்போதுதான், ‘இதனால் வரலாற்றுச் சொத்துக்கு என்ன பாதிப்பு?’ என்று அதில் சம்பந்தப்பட்ட மத்திய அரசுத் துறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யோசிக்கத்தான் சொல்கிறது, நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டாவது, ஊரின் ‘ஹிஸ்டாரிக்கல் கமிஷன்’. மூன்றாவது, ‘ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் கமிஷன்’. பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பது பெரிய தொல்லை. முன்னதை வரலாற்று கமிஷன் என்றும், பின்னதைப் பகுதி கமிஷன் என்றும் வைத்துக்கொள்வோம். சில ஊர்களில் ஒரே ஆட்கள் இரண்டிலும் இருப்பார்கள், சில ஊர்களில் இரண்டும் ஒரே குழுவாகவே இருக்கும். ஆனாலும் அதிகாரம் வேறு வேறு.

வரலாற்று கமிஷன் ஊர்ப் பழமையின் கணக்குப்பிள்ளை. மாநிலப் பொதுச்சட்டத்தின் 40-ஆம் அத்தியாயம், 8டி பிரிவின் கீழ் அமைவது. மூன்று முதல் ஏழு உறுப்பினர்கள். ஊரில் என்னென்ன பழைய கட்டடங்கள் இருக்கின்றன, எந்த ஆண்டு, எந்தப் பாணி, யார் குடியிருந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ‘ஃபார்ம் பி’ என்ற படிவத்தில் எழுதி, படம் சேர்த்து, மாநில வரலாற்று கமிஷனுக்கு அனுப்புவது இவர்களின் முக்கிய வேலை. மாநில கமிஷன் 1963-இல் தொடங்கியது. இந்தப் படிவங்கள் அதன் ‘மேக்ரிஸ்’ என்ற இணையத் தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. தெருப் பெயரைப் போட்டுத் தேடினால், பக்கத்து வீட்டில் நூறு வருஷத்துக்கு முன் செருப்புத் தைப்பவர் இருந்தாரா, கப்பல் தலைவர் இருந்தாரா என்பதுகூடத் தெரியவரலாம். பழைய வீடு வாங்கப் போகிறவர் வீட்டு ஆய்வாளரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒருமுறை இதைப் பார்த்துவிடுவது நல்லது. காசும் இல்லை.

சரி, இந்த கமிஷனால் இடிப்பைத் தடுக்க முடியுமா? நிரந்தரமாக முடியாது. தள்ளிப்போட முடியும், அதுவும் ஊர் தனியாக ‘இடிப்புத் தாமத விதி’ ஒன்றை நிறைவேற்றியிருந்தால் மட்டும். இந்த மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரம் 1979-இல் இதைத் தொடங்கிவைத்தது, பிறகு பல ஊர்கள் பின்தொடர்ந்தன. நடைமுறை எளிது. குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட கட்டடத்தை, பொதுவாக 50 ஆண்டு, இடிக்க யாராவது விண்ணப்பித்தால் அது கமிஷனிடம் போகும். இது முக்கியமான கட்டடம், காப்பாற்றப்பட வேண்டியது என்று கமிஷன் முடிவு செய்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஊருக்கு ஊர் 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று மாறும். பாஸ்டன் நகரத்தில் 90 நாள்தான். அந்தக் காலத்துக்குள் வேறு வாங்குபவரைத் தேடலாம், முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்னால் கட்டச் சொல்லிப் பேசலாம், வீட்டையே பெயர்த்து வேறு மனைக்கு நகர்த்தலாம். எதுவும் கைகூடவில்லை என்றால் கெடு முடிந்த மறுநாள் இயந்திரம் வந்து நிற்கும்.

6 மாதத் தாமதம் பெரிய கட்டுமான நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது என் கருத்து. வரைபடம் போடவும் கடன் வாங்கவுமே அவ்வளவு காலம் ஆகிவிடும், அதையும் இதையும் ஒன்றாக ஓட்டிவிடுவார்கள். 18 மாதம் என்றால்தான் உட்கார்ந்து பேசவே வருவார்கள்.

உண்மையில் பல் இருப்பது மூன்றாவது அடுக்கான பகுதி கமிஷனுக்கு. இதன் வேர் கொஞ்சம் பழையது. 1931-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம்தான் நாட்டில் முதன்முதலாக ஒரு பழைய குடியிருப்புப் பகுதியைச் சட்டப்படி வரையறுத்து, அதில் செய்யும் வெளிப்புற மாற்றங்களுக்கு அனுமதி வாங்க வைத்தது. மாசசூசெட்ஸில் 1955-இல் நான்டக்கெட் தீவுக்கும் பாஸ்டனின் பீக்கன் ஹில்லுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. அதே பீக்கன் ஹில்லில்தான் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கின் மாளிகை 1863-இல் தரைமட்டமானது. அப்போது கேட்க ஆளிருந்தார்கள், சட்டம்தான் இல்லை. 1960-இல் மாநிலப் பொதுச்சட்டத்தில் 40சி அத்தியாயம் வந்த பிறகு, தனிச்சட்டம் கேட்டு மாநில அவைக்கு அலையாமல் எந்த ஊரும் தானே ஒரு மரபுப் பகுதியை (ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்) அமைத்துக்கொள்ளலாம் என்றானது.

அமைப்பதும் லேசில்லை. முதலில் ஓர் ஆய்வுக் குழு போட வேண்டும். அது வீடு வீடாக ஆராய்ந்து அறிக்கை எழுதி, மாநில கமிஷனுக்கும் ஊரின் திட்டக் குழுவுக்கும் அனுப்பும். 60 நாள் காத்திருந்து பொது விசாரணை நடத்தும். கடைசியில், ஊருக்காக ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் ஊர்ப் பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும், நகரமாக இருந்தால் நகர மன்றத்தில். பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் தோற்றுப்போக இது போதும். ‘என் வீட்டு ஜன்னலுக்கு நீ யார் நாட்டாமை?’ என்ற கேள்வி எல்லா ஊர்க் கூட்டத்திலும் எழக்கூடியதுதான். அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரையும் போயிருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்த வழக்கில், 1978-இல் நகரத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. கட்டடத்தைப் பாதுகாக்க விதி போடுவது, சொத்தை அரசு பறித்துக்கொண்டதற்குச் சமமாகாது என்றது நீதிமன்றம்.

பகுதி கமிஷனிலும் மூன்று முதல் ஏழு பேர், சம்பளம் கிடையாது. உள்ளூர் வரலாற்றுச் சங்கம், கட்டடக் கலைஞர் சங்கம், மனை வணிகர் சங்கம் ஆகியவை பரிந்துரைக்கும் பெயர்களிலிருந்தும், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களிலிருந்தும் ஆள் எடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் நாலு வீடு தள்ளி இருப்பவராகவும் இருக்கலாம். இதில் நல்லதும் உண்டு, சங்கடமும் உண்டு.

இவர்கள் எதைக் கேட்கலாம்? பொது வழியிலிருந்து பார்த்தால் தெரியும் வெளிப்புறத்தை மட்டும். சமையலறையை இடித்து மாற்றுவதோ சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்குவதோ அவர்கள் பேசக்கூடாத விஷயம், சட்டமே அப்படிச் சொல்கிறது. தெருவிலிருந்து தெரியாத பின்சுவரும் அப்படித்தான். செடி, மரம் வைப்பதற்கு அனுமதி வேண்டாம். வடிவமோ பொருளோ நிறமோ மாறாமல் செய்யும் சாதாரணப் பராமரிப்புக்கும் வேண்டாம். உளுத்த பலகையை எடுத்துவிட்டு அதே மரத்தில் அதே அளவில் பலகை அடித்தால் அது பழுதுபார்ப்பு. அதே இடத்தில் வினைல் என்ற பிளாஸ்டிக் தகடு அடித்தால் மாற்றம். இன்னும் சிலவற்றை ஊர் தன் விதியில் விலக்கிவிடலாம். வர்ணம், வேலி, புயல் ஜன்னல் (இருக்கும் ஜன்னலுக்கு வெளியே மாட்டும் கூடுதல் ஜன்னல்), ஜன்னலில் மாட்டும் ஏசி, ஆன்டெனா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பக்கத்து ஊரில் வர்ணத்துக்கு அனுமதி கேட்கவில்லையே என்று இங்கே அடித்துவிடக் கூடாது. உங்கள் ஊர் விதியின் நகல் ஊர் எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

விண்ணப்பித்தால் மூன்று வகைச் சான்றிதழில் ஒன்று கிடைக்கலாம். செய்யப்போகும் மாற்றம் இடத்துக்குப் பொருந்துகிறது என்றால் பொருத்தச் சான்றிதழ். இது எங்கள் அதிகாரத்துக்குள்ளேயே வராது என்றால் ‘விதி பொருந்தாமை’ச் சான்றிதழ். மறுத்தால் உரிமையாளருக்குப் பெரும் இடர்ப்பாடு வரும், கொடுத்தால் பகுதிக்குப் பெரிய கேடு இல்லை என்றால் இடர்ப்பாட்டுச் சான்றிதழ். மூன்றில் ஒன்றாவது கையில் இல்லாமல் கட்டட அனுமதி கொடுக்க ஊர் அதிகாரியால் முடியாது. கமிஷனுக்கும் கெடு உண்டு. இது விசாரிக்க வேண்டியதா என்பதை 14 நாளில் சொல்ல வேண்டும். விண்ணப்பம் வந்த 60 நாளுக்குள் முடிவெடுக்கவில்லை, நீங்களும் எழுத்தில் நீட்டிப்புத் தரவில்லை என்றால், இடர்ப்பாட்டுச் சான்றிதழ் தானாகவே உங்களுக்கு வந்துசேரும். ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம், நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்டால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

அதிகம் சண்டை வருவது ஜன்னலில்தான், ஆகவே அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பழைய மேல்-கீழ் தள்ளும் ஜன்னலைக் கழற்றினால், சுவர்ச் சட்டத்துக்குள் ஒரு இரும்பு எடை பருத்திக் கயிற்றில் தொங்கும். கயிறு அறுந்தால் கயிற்றை மட்டும் மாற்றலாம். கண்ணாடி உடைந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து உதிர்ந்தால் புட்டியை மட்டும் மாற்றலாம். மரமும் காட்டில் மெல்ல வளர்ந்த, நெருக்கமான வரிகள் கொண்ட மரம். ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சீர்செய்ய முடிவதால்தான் இவை நூறு வருஷம் தாண்டியும் நிற்கின்றன. இரட்டைக் கண்ணாடி வினைல் ஜன்னல் அப்படியல்ல. நடுவில் இருக்கும் அடைப்பு போய் உள்ளே பனி படிந்தால் அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும், பொருந்துவது கிடைக்காவிட்டால் ஜன்னலையே. குளிர் தாங்கவில்லை என்பதுதான் கேட்பவர்களின் வாதம், அது நியாயமானதும்கூட. ஆனால் பழைய ஜன்னலின் இடுக்குகளை அடைத்து, வெளியே ஒரு புயல் ஜன்னல் மாட்டினால் குளிர் பெருமளவு அடங்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கமிஷன்கள் வழக்கமாகப் பார்ப்பது கண்ணாடியைக் கட்டங்களாகப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்களை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே தட்டையாக ஒட்டிய போலிச் சட்டம் நிழல் விழாமல் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடிக்கு வெளியே புடைத்து நிற்கும் சட்டம் என்றால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

செங்கல் வீட்டில் இதே கதை சாந்தில் நடக்கும். பழைய செங்கலுக்கு இடையில் இருப்பது மென்மையான சுண்ணாம்புச் சாந்து. அதைச் சுரண்டிவிட்டுக் கெட்டியான சிமென்ட் பூசினால் ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வரும். குளிர்காலத்தில் அது உறைந்து செங்கலின் முகத்தையே உதிர்த்துவிடும். இங்கே கமிஷன் கேட்பது அழகுக்காக மட்டும் இல்லை. சுவரும் அதையேதான் கேட்கிறது.

சூரிய மின்தகடுக்கும் விண்ணப்பிக்கலாம். அதை ஊக்குவிப்பது மாநிலத்தின் கொள்கை என்பதையும் கணக்கில் எடுத்தே முடிவு செய்ய வேண்டும் என்று 40சி சொல்கிறது. தெருப்பக்கம் இல்லாத கூரைச் சரிவைக் காட்டிப் போனால் வேலை சுலபம்.

பணம்? எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பதிவேட்டில் உள்ள பழைய கட்டடத்தை, அதற்கான தரவிதிகளின்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரிக்கழிவு உண்டு, ஐந்து ஆண்டுகளில் பிரித்து எடுக்கலாம். ஆனால் வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும், அதாவது கடை, அலுவலகம், வாடகை வீடு. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் விதி போட்டுவிட்டு, குடியிருப்பவருக்கு ஒரு பைசா தராதது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. ஊர் அளவில் 2000-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று உண்டு. அதை ஏற்றுக்கொண்ட ஊர்கள் சொத்து வரியின் மேல் 3 சதவீதம் வரை கூடுதல் வரி விதித்து, மாநிலத்தின் பங்கையும் சேர்த்து ஒரு நிதி வைக்கின்றன. மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்கு மேல் இதை ஏற்றிருக்கின்றன. அதில் குறைந்தது 10 சதவீதம் வரலாற்றுச் சொத்துக்குப் போக வேண்டும். ஊர் மண்டபம், நூலகம், பழைய கல்லறைத் தோட்டம் போன்றவைதான் இதில் அதிகம் பயன்பெறும்.

அனுமதி இல்லாமல் வேலையைச் செய்துவிட்டால், ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகக் கணக்காகி, நாளொன்றுக்கு 10 முதல் 500 டாலர் வரை அபராதம் விழலாம். செய்ததைப் பழையபடி மாற்றும்படி நீதிமன்றமும் உத்தரவிடலாம். கமிஷன் மறுத்தது நியாயமில்லை என்று தோன்றினால், முடிவு ஊர் எழுத்தரிடம் பதிவான 20 நாளுக்குள் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சில ஊர்களில் அதற்கு முன் வட்டாரத் திட்ட அமைப்பு நியமிக்கும் நடுவரிடம் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். நாள் எண்ணுவது உங்கள் கையில் கடிதம் கிடைத்த தேதியிலிருந்து அல்ல, எழுத்தர் முத்திரை போட்ட தேதியிலிருந்து.