விழுந்த நண்பனைத் தோளில் தூக்காதீர்கள்

மலையேற்றப் படங்கள் மீது எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. பனிமலை, கயிறு, உயிர் நண்பர்கள். இடைவேளைக்கு முன்னால் ஒருவன் பள்ளத்தில் விழுவான், இன்னொருவன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு புயலுக்குள் நடப்பான். நானும் தியேட்டரில் கண் கலங்கியவன்தான். ஆனால் அந்தக் காட்சியைக் கேரள-தமிழக எல்லையோரம் இருக்கும் சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கம் நிஜத்தில் செய்து பார்த்துவிட்டு எங்கள் மருத்துவமனை வாசலில் ஜீப்பில் வந்து இறங்குகிறார்களே, அவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சமீபத்தில் வந்த ஒரு கேஸுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரி நண்பர்கள். சூரிய உதயம் பார்க்கப் போன இடத்தில், பாறை விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது ஒரு தம்பி வழுக்கி, ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பள்ளத்தில் முதுகு அடிபட விழுந்திருக்கிறான். “விழுந்ததும் பேசினான் டாக்டர், காலை ஆட்டினான், தண்ணி கேட்டான்” என்றான் கூட வந்தவன். சட்டை முழுக்கச் சேறு. சுமந்தவன் அவன்தான். ஒற்றையடிப் பாதையில் முதுகில் சுமந்து வந்து, ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த ஜீப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், நல்ல முதுகே அதில் தாங்காது. சாவி முனையால் உள்ளங்காலில் கீறினேன். விரல் அசையவில்லை. தொப்புளுக்குக் கீழே கிள்ளினால் அவனுக்குத் தெரியவில்லை.

தூக்கியதால்தான் இப்படி ஆனது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அடிபட்ட இடத்தில் வீக்கமும் ரத்தக்கட்டும் சேர்ந்து சில மணி நேரத்தில் கால் மரத்துப்போவதும் உண்டு. அந்தப் பையன்களிடமும் அதைச் சொன்னேன். பாவம், அவர்கள் ஆயுள் முழுக்கக் குற்ற உணர்ச்சியோடு திரிய வேண்டாம். ஆனால் இனிமேல் மலைக்குப் போகப்போகிற உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என்னை ரொம்பவே எரிச்சல்படுத்தும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: “எழுந்து நடந்தானே, அப்புறம் எப்படி முதுகெலும்பு உடைந்திருக்கும்?” உடைந்திருக்கும். எலும்பு உடைவது வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்குவது வேறு. எலும்பு விரிசல் விட்டும் தண்டுவடம் தப்பித்திருந்தால் கை கால் ஆடும், நடக்கக்கூட முடியும். பதற்றத்தில் வலியும் சரியாகத் தெரியாது. கால் ஆடுகிறது என்றால் தண்டுவடம் இன்னும் பிழைத்திருக்கிறது, அதைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அந்த நேரம் பார்த்து அவனைத் தோளில் போட்டு மடக்குகிறீர்கள், ஜீப்பில் உட்கார வைத்துக் குலுக்குகிறீர்கள். உடைந்த எலும்பு நகர்ந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த நரம்புத் தண்டில் குத்தினால் யார் என்ன செய்ய முடியும்? கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்று நாங்கள் சந்தேகப்படத் தொடங்கும் உயரம் எவ்வளவு தெரியுமா? மூன்று அடி. ஐந்து படிக்கட்டு. இருபதடி பள்ளமெல்லாம் தேவையே இல்லை.

இதைச் சொன்னால், நிஜக்கதையைக் கொண்டுவருவார்கள். பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் சியுலா கிராண்டே சிகரம், 1985. ஜோ சிம்ப்சனுக்குக் கால் உடைந்தது. கூட இருந்த சைமன் யேட்ஸ் அவரைக் கயிற்றில் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். தோளில் தூக்கவில்லை, கவனியுங்கள். ஒரு கட்டத்தில் சிம்ப்சன் அந்தரத்தில் தொங்க, யேட்ஸும் சேர்ந்து இழுபடும் நிலை வந்தபோது கயிற்றை அறுத்துவிட்டார். சிம்ப்சன் பனிப்பிளவுக்குள் விழுந்து, அதிலிருந்தும் தப்பி, நாள்கணக்கில் தவழ்ந்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். யேட்ஸைப் பலர் ஏசியபோது அவர் செய்தது சரிதான் என்று பரிந்து பேசியவரும் சிம்ப்சன்தான். உடைந்த காலோடு அவர்கள் நகர்ந்ததற்குக் காரணம், மீட்க வர அங்கே ஒரு ஆள் கிடையாது. கொழுக்குமலையில் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது, ஜீப் இருக்கிறது, தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டி வரலாம்.

சரி, என்னதான் செய்வது? மூச்சு இருக்கிறதா பாருங்கள். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்துங்கள். அப்புறம் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் போர்வையோ ஜாக்கெட்டோ போர்த்துங்கள். வாந்தி வந்தால் மட்டும் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி எல்லோருமாகச் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், அவன் கெஞ்சினாலும். கல் உருளுகிறது, தீ வருகிறது, தண்ணீர் ஏறுகிறது, மூச்சு நின்றுவிட்டது என்றால் மட்டும்தான் இடத்தை விட்டு நகர்த்தலாம். கழுத்துப் பட்டை போடலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே இப்போது வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். துண்டைச் சுருட்டிக் கழுத்தில் இறுக்கிக் கட்டிக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

குளிருக்கு பிராந்தி என்று ஒரு கூட்டம். பிராந்தி குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடும், சூடாக இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள். ஆக்சிஜன் டப்பா வாங்கி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் தங்குபவர்களுக்கு வருவது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உச்சியே 2,695 மீட்டர்தான். உங்களுக்கு மூச்சு வாங்கக் காரணம் ஆபீஸ் நாற்காலி.

எல்லையில் இன்னொரு தலைவலி உண்டு. 108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும். ஆனால் உங்கள் போன் எந்தப் பக்க டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்குக் கால் போய்விடும். “கொழுக்குமலை” என்று மட்டும் கத்தினால் எதிரில் இருப்பவருக்கு இடுக்கியா தேனியா என்று புரியாது. மாவட்டத்தையும், எந்த ஊர் வழியாக ஏறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மலையாளம் வராவிட்டால் போனை ஜீப் ஓட்டும் அண்ணனிடம் கொடுங்கள். ஏறும் முன்பே அவர் நம்பரை எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

கடைசியாக, அனுமதி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற அதே மலைச்சரிவு. காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்று போடிப் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேளுங்கள். வனத்துறை பாதையை மூடியிருந்தால் அது மூடியதுதான். “எனக்குப் பின்வழி தெரியும் சார்” என்று அடிவாரத்தில் ஒருவர் வருவார். அவரிடம் பணத்தை நீட்டாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போங்கள்.