வோட்டர் ஹமர் எண்டா என்ன, தமிழில என்னெண்டு சொல்லலாம்?

பைப்பைச் சடக்கெண்டு பூட்டினவுடன சுவருக்குள்ள டங் எண்டு ஒரு சத்தம் கேக்குமே, அதுதான் வோட்டர் ஹமர். ஓடிக்கொண்டிருந்த தண்ணி ஒரேயடியா மறிபட அந்த வேகமெல்லாம் அழுத்தமா மாறி குழாய் நீளத்துக்கும் அலையாப் போய்த் திரும்பி வரும், குழாய் இறுக்கமா இல்லாட்டி சுவரில அடிக்கும், மூட்டுகளும் மெல்ல மெல்லக் கசியத் தொடங்கும்.

இங்கிலீசில இதே பேர் ஒரு கண்ணாடிக் குழாய்க்கும் இருந்தது. காத்தை எடுத்துப்போட்டு கொஞ்சத் தண்ணியோட மூடின குழாய், குலுக்கினா தண்ணி கட்டியா விழுந்து சம்மட்டியால தட்டின மாதிரிச் சத்தம் போடும், இடையில தாங்க காத்து இல்லை அல்லோ. பிரெஞ்சுக்காரர் கூ தெ பெலியே எண்டுவினம், கிடாய் முட்டினது எண்டு கருத்து.

தமிழில சொல்லுக்குச் சொல் நீர்ச்சம்மட்டி எண்டு எழுதலாம், ஆனா சம்மட்டி ஒரு கருவி, இது ஒரு நிகழ்வு. நீரடி எண்டா தண்ணிக்குக் கீழ எண்டு விளங்கிடும். எனக்கு நீர்முட்டு எண்டதுதான் சரியாப் படுது, ஓடிவந்து மறிபடுறது அந்தச் சொல்லிலயே கிடக்கு.

இந்த முட்டு லேசுப்பட்டதில்லை. 1890களின்ர கடைசியில மொஸ்கோ நீர்க்குழாய்களில பரிசோதிச்ச ரஷ்ய விஞ்ஞானி ஜுக்கோவ்ஸ்கியின்ர கணக்குப்படி, செக்கனுக்கு 1 மீட்டர் ஓடுற தண்ணியை இரும்புக் குழாயில திடீரெண்டு மறிச்சா 12, 13 பார் (bar, அழுத்தத்தை அளக்கிற அலகு) அளவு அழுத்தம் கூடும், பிவிசி கொஞ்சம் நெகிழுறபடியா அதில குறைவு. 10 மீட்டர் உயரத் தாங்கி தாறதே 1 பார்தான், யோசிச்சுப் பாருங்கோ.

எங்கட யாழ்ப்பாண வீடுகளில கிணத்து மோட்டரை நிப்பாட்டேக்க வாற சத்தமும் இதுதான், மேல தாங்கிக்கு ஏறின தண்ணி திரும்பி இறங்கத் தொடங்கினாப் பிறகு நொன் ரிட்டேர்ன் வால்வ், அதாவது தண்ணியைத் திரும்ப விடாத வால்வ், பிந்திப் பூட்டுது. ஸ்பிரிங் வைச்ச வால்வ் போட்டா தண்ணி திரும்ப முதலே பூட்டிடும்.

பைப்பை மெல்லப் பூட்டலாம், வொஷிங் மெசின் வால்வை அப்பிடிச் செய்ய ஏலாது. அதுக்குக் கிட்ட மேல்முனை மூடின ஒரு துண்டுக் குழாயை நிமிர்த்தி வைச்சா உள்ள நிக்கிற காத்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும், ஆனா நாள்போக்கில அந்தக் காத்து தண்ணியில கரைஞ்சுபோகும், பிறகு மெயினைப் பூட்டி எல்லாப் பைப்பையும் திறந்து வடியவிட்டாத்தான் திரும்பக் காத்து வரும். இதே வேலைக்கு விக்கிற, பிஸ்டன் வைச்ச அரெஸ்டர் எண்ட கருவியில காத்தையும் தண்ணியையும் பிஸ்டன் பிரிச்சு வைக்கிறபடியா இந்தப் பிரச்சினை இல்லை. புதுசா வீடு கட்டுறவை பூச்சு வேலைக்கு முதலே குழாய்க்குக் கிளிப் அடிச்சிருக்கோ எண்டு பாத்திடுங்கோ.