கார்டெல்: சொல்லும் பொருளும்

மெக்சிகோவின் கடலோரச் சுற்றுலா ஊர்களான துலூமிலோ கான்கூனிலோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், நம் பத்திரிகைகள் முதல் பத்தியில் கார்டெல் என்று எழுதும், அடுத்த பத்தியில் மாஃபியா, அதற்கும் அடுத்து கடத்தல் கும்பல். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பாப்பிரஸ் தாளுக்கு அங்கே கார்த்தெஸ் என்று பெயர். லத்தீனில் அது கார்த்தா ஆகி, இத்தாலியத்தில் அறிவிப்புத் தாளைக் குறிக்கும் கார்த்தெல்லோ ஆகி, பிரெஞ்சில் வாள்சண்டைக்கு வா என்று எழுதி அனுப்பும் சவால் சீட்டாக மாறியது. அப்புறம் போரிடும் இரண்டு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ளச் செய்யும் எழுத்து உடன்படிக்கைக்கும் அதே பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் அப்படி ஒரு கார்டெல் கையெழுத்தானது. ஆக, எதிரிகள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் என்பதுதான் உள்ளே இருக்கும் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் இதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள்: போட்டி போடவேண்டிய கம்பெனிகள் உட்கார்ந்து பேசி விலையை ஏற்றிவைத்தால் அது கார்டெல்.

நம்முடைய கடுதாசியும் இந்த வம்சம்தான், போர்த்துகீசியரின் கர்தாஸ் வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் ஓடும் வணிகக் கப்பல்கள் அவர்களிடம் காசு கொடுத்து கர்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலையே பிடித்துக்கொள்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

போதைப்பொருளோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது 1980களில், கொலம்பியாவின் மெடலின் கும்பலைப் பற்றி எழுதும்போது. மெக்சிகோவில் அப்போது குவாதலஹாரா கும்பல். அதன் தலைவர் மிகேல் ஆங்கெல் ஃபெலிக்ஸ் கயார்தோ 1989இல் கைதானதும் தொழில் தீஹுவானா, ஹுவாரெஸ், சினலோவா என்று தனித்தனிக் கும்பல்களாகப் பிரிந்தது. பிரிந்தவர்கள் உடன்பட்டு விலை வைக்கவில்லை, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அதனால் என்னைக் கேட்டால், பொருளாதாரப் பொருளில் இவர்கள் கார்டெல்லே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

துலூமில் நடப்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2021 அக்டோபரில் அங்கே ஓர் உணவகத்தில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் குண்டடிபட்டு இறந்தார்கள். ஒருவர் ஜெர்மானியர், இன்னொருவர் இந்தியாவில் பிறந்தவர். அவர்களை யாரும் குறிவைக்கவில்லை. அந்தப் பகுதியில் போதைப்பொருளைச் சில்லறையில் விற்கும் இரண்டு கோஷ்டிகளின் மோதலில் குறுக்கே மாட்டிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் அதே கடலோரத்தில் இருக்கும் புவெர்த்தோ மொரெலோஸ் கடற்கரையில் துப்பாக்கியோடு ஆட்கள் இறங்கி, போதைப்பொருள் விற்பனைக்காரர்கள் இரண்டு பேரைக் கொன்றார்கள். ஓட்டல் விருந்தினர்கள் நீச்சல் உடையிலேயே ஓடி ஒளிந்தார்கள். அதன் பிறகு அரசு சுமார் 1,500 தேசியக் காவல்படையினரை அந்தக் கடலோரத்துக்கு அனுப்பியது.

இந்தத் தொழிலின் உள்வட்டச் சொற்களுக்கு நம் ஊரில் அச்சு அசலாகச் சொல் இருக்கிறது. ஒரு கும்பலின் ஆளுகைக்குட்பட்ட இடம் அவர்களுக்குப் பிளாசா, நமக்கு ஏரியா. கடைக்காரனும் மதுக்கூடக்காரனும் மாதாமாதம் கட்டும் பணம் அவர்களுக்கு கோப்ரோ தெ பீசோ, நமக்கு மாமூல். (கர்தாஸ் கதை இப்போது ஞாபகம் வருகிறதா?) தெருமுனையில் நின்று வேவு பார்க்கும் பையனுக்கு ஹால்கோன், அதாவது வல்லூறு.

சரி, தமிழில் என்ன எழுதுவது? வியாபார கார்டெல்லுக்கு விலைக்கூட்டு என்று எழுதலாம், பொருள் சரியாக உட்காருகிறது. ஏலத்தில் வியாபாரிகள் பேசிவைத்து விலையைக் குறைத்தால் சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்கிறோமே, அதுவும் இதுதான். மெக்சிகோ ஆட்களுக்குப் போதைக் கும்பல் போதும். கடத்தல் கும்பல் என்றால் ஆள்கடத்தலா சரக்குக் கடத்தலா என்று தெரியாது. மாஃபியா சிசிலியில் பிறந்த சொல், இங்கே தேவையில்லை. சினலோவா கார்டெல் மாதிரிப் பெயராக வரும்போது மட்டும் கார்டெல் என்றே விட்டுவிடலாம்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை என்பதால், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கான்கூனுக்கு நிறையவே போகிறார்கள். கான்கூனும் துலூமும் இருக்கும் கின்தானா ரோ மாநிலத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை பல ஆண்டுகளாகச் சொல்வது கூடுதல் கவனம் தேவை என்றுதான். அகாபுல்கோ இருக்கும் கெர்ரேரோ மாநிலத்துக்கோ போகவே வேண்டாம் என்கிறது. மதுக்கூட வாசலில் ஒருவன் மெதுவாக வந்து ‘வேண்டுமா?’ என்று கேட்டால், அவன்தான் அந்த ஏரியாச் சண்டையின் கடைசிப் படி. வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். வெடிச்சத்தம் கேட்டால் வீடியோ எடுக்காமல் தரையில் படுங்கள். அவசர எண் அமெரிக்காவைப் போலவே அங்கேயும் 911தான்.