கட்டைவிரல் எந்தப் பக்கம்?

உங்கள் வலது கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல் உடம்பின் நடுவைப் பார்த்து இருக்கும். அப்படியே மல்லாத்தினால் அது வெளிப்பக்கம் போய்விடும். நின்றுகொண்டு கையைச் சும்மா தொங்க விட்டால் கிட்டத்தட்ட முன்னால் வந்து நிற்கும். சரி, "மணிக்கட்டின் உள்பக்கம் காயம்" என்று ஒரு மருத்துவர் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் எந்தப் பக்கத்தைத் தேடுவார்?

இதற்காகத்தான் உடற்கூறியல் உடம்பை ஒரே ஒரு நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறது. நிமிர்ந்து நிற்க வேண்டும், முகமும் கால்விரல்களும் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில், உள்ளங்கைகள் முன்னால் தெரியும்படி. நோயாளி குப்புறப் படுத்திருக்கலாம், சுருண்டு கிடக்கலாம். குறிப்பு எழுதும்போது அவர் இப்படி நிற்பதாகவே கணக்கு. இதன்படி கட்டைவிரல் எப்போதும் வெளிப்பக்கம், சுண்டுவிரல் எப்போதும் உள்பக்கம்.

உள்ளங்கையை ஏன் முன்னால் திருப்ப வேண்டும்? யாரும் இயல்பாக அப்படி நிற்பதில்லையே. முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்க எலும்பை மறு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். பிடித்த எலும்பு நகர்ந்து மறுபக்கம் போவது தெரியும். அதுதான் ரேடியஸ். சுண்டுவிரல் பக்கத்து அல்னா பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே சாய்ந்துவிடுகிறது. உள்ளங்கை முன்னால் இருந்தால்தான் இரண்டும் இணையாக நிற்கும். எது உள், எது வெளி என்று முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே பதில் கிடைக்கும்.

நிலை முடிவானதும் திசைச் சொற்கள் தாமாக வந்து அமர்கின்றன. தலைப்பக்கம் சுப்பீரியர், கால்பக்கம் இன்ஃபீரியர். முன்புறம் ஆன்டீரியர், பின்புறம் போஸ்டீரியர். நடுக்கோட்டை நெருங்கினால் மீடியல், விலகினால் லேட்டரல். பெரும்பாலும் இவை ஒப்பிட்டுச் சொல்லும் சொற்கள் என்பதை மறக்கக்கூடாது. கண், மூக்குக்கு லேட்டரல். அதே கண், காதுக்கு மீடியல்.

கை கால்களுக்குத் தனியாக ஒரு ஜோடி உண்டு. உடம்போடு இணையும் இடத்துக்குக் கிட்டே இருந்தால் ப்ராக்ஸிமல், தள்ளி இருந்தால் டிஸ்டல். ரத்தக்குழாய்க்கும் இதே பேச்சுதான், தொடங்கும் இடத்திலிருந்து கணக்கு. இதயத் தமனி ஒன்றில் ப்ராக்ஸிமல் அடைப்பு என்றால், குழாய் கிளை பிரிவதற்கு முன்பே, தொடக்கத்துக்கு அருகில் அடைத்திருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள தசை முழுவதற்கும் ரத்தம் குறையும். டிஸ்டல் அடைப்பு என்றால் பாதிக்கப்படும் பகுதி சிறியது. ஒரே ஒரு சொல்லில் ஆபத்தின் அளவே தெரிந்துவிடுகிறது.

வலது, இடது என்றால் நோயாளியின் வலது, இடதுதான், பார்க்கிறவருடையது அல்ல. சிடி ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தை, படுத்திருப்பவரின் கால்பக்கம் நின்று பார்ப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். அதனால் வலப்பக்கம் உள்ள கல்லீரல் படத்தின் இடப்பக்கம் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

இந்தச் சொற்களிலும் சண்டை நடந்திருக்கிறது. உலகம் முழுக்க ஒரே பெயர்கள் வேண்டுமென்று 1895-இல் பாசெல் நகரில் ஒரு பட்டியல் ஏற்கப்பட்டது. 1935-இல் ஜெனா பட்டியல், நாலுகால் விலங்குகளுக்கும் பொருந்தும்படி வயிற்றுப்பக்கம் (வென்ட்ரல்), முதுகுப்பக்கம் (டார்சல்) என்ற சொற்களுக்குச் சாய்ந்தது. 1955-இல் பாரிஸ் பட்டியல் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கே திரும்பியது.

ஆனாலும் முதுகு என்ற சொல் ஓர் எதிர்பாராத இடத்தில் தங்கிவிட்டது. கருவில் கைகளும் கால்களும் வளரும்போது எதிரெதிர்த் திசையில் திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னாலும் முழங்கால் முன்னாலும் இருக்கின்றன; கைக் கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்க, கால் கட்டைவிரல் உள்பக்கம் வந்துவிடுகிறது. புறங்கைக்கு ஈடான பாதத்தின் பரப்பு மேலே பார்க்கிறது. கால் கட்டைவிரலுக்கு நேராகப் புடைத்து ஓடும் தசைநாணை ஒட்டி, அதன் வெளிப்பக்கம், பாதத்தின் மேல் விரல் வைத்தால் பலருக்கும் ஒரு துடிப்பு தட்டுப்படும். அந்தத் தமனியின் பெயர் டார்சாலிஸ் பெடிஸ், அதாவது பாதத்தின் முதுகில் ஓடுவது.