தலையில் ஒயர் ஒட்டினால் மூளைக்குள் கரண்ட் போகாது

போன வாரம் பாகூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா, 24 வயது மகனை, தலையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் என்னிடம் கூட்டி வந்தார். எட்டு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது நடக்கிறான், பேசுகிறான். ஆனால் காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகமில்லை, குக்கர் விசிலுக்குக்கூட எரிந்து விழுகிறான். யாரோ சொன்னார்கள் என்று நகையை அடகு வைத்து, மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக் சிகிச்சைக்கு 40 சிட்டிங்குக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டார்கள். மெஷினே சரி பண்ணிவிடும் என்று ஞாபகப் பயிற்சியை விட்டார்கள், வலிப்பு மாத்திரையையும் விட்டார்கள். 11-வது சிட்டிங் முடிந்த இரவு வலிப்பு வந்துவிட்டது. இந்த வருஷம் இப்படி வரும் நான்காவது குடும்பம் இது.

"கரண்ட் பத்தலயா மேடம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

கரண்டே கிடையாது அம்மா. தலையில் ஒட்டும் அந்தப் பொத்தான்கள் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. மூளையிலிருந்து வரும் மின் அலையைக் கேட்க மட்டுமே செய்கின்றன. வருவதும் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான். அந்த அலை வேண்டிய அளவில் இருந்தால் திரையில் படம் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து மூளைதான் பழக வேண்டும். எடை மெஷினில் ஏறி நின்றதால் யாருக்காவது எடை குறைந்திருக்கிறதா? கரண்ட் கொடுக்கும் சிகிச்சைகள் வேறு, இது வேறு. செத்த செல்லை இது எழுப்பாது. கலர் கலராக அச்சடித்துத் தரும் மூளைப் படம் ஸ்கேனும் இல்லை.

பல்லைக் கடித்தாலும் கண் சிமிட்டினாலும் அந்தத் திரையில் அலை எகிறும். ஆபரேஷனில் மண்டை ஓட்டை எடுத்த இடத்தில் அலை பெரிதாகவும் கூர்மையாகவும் தெரியும். படிக்கத் தெரியாதவர் அதை நோய் என்பார். அந்தப் பையனின் ரிப்போர்ட்டில் அதுதான் சிவப்பு வட்டம் போட்டு இருந்தது!

இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கவனம் கொஞ்சம் கூடியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. நிஜம் போலவே நடத்தும் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள்தான் போதவில்லை. அதனால் எனக்கு இது தொடுகறி, சோறு பயிற்சிதான். நோட்டில் எழுதிவைத்து அன்றன்றைய வேலையைப் பார்ப்பது, போனில் அலாரம் வைப்பது, பெரிய மார்க்கெட்டில் 200 ரூபாய்க்கு நாலு சாமான் வாங்கி மீதியை எண்ணி வாங்குவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். அடிபட்ட முதல் மாதங்களில்தான் மூளை வேகமாகத் தேறும். அந்த மாதங்களை வீணாக்காதீர்கள்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மெஷின்காரர் சொன்னாலும் கூடாது, நன்றாக இருந்தாலும் கூடாது. நரம்பு டாக்டருக்குத் தெரியாமல் எந்த சிட்டிங்கும் வேண்டாம். அலையைப் படிப்பவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பத்து சிட்டிங்கில் எது மாற வேண்டும், அதை எப்படி அளப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். தூக்கம் கெட்டாலோ தலைவலி கூடினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஹெல்மெட்டை, தயவுசெய்து, தலையில் போட்டு வாரைப் பூட்டுங்கள்.

மீதி 29 சிட்டிங்கை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். மாத்திரையில் வலிப்பு அடங்கி, நரம்பு டாக்டரும் சரி என்றால் போகட்டும். திங்களும் வியாழனும் மட்டும் நோட்டோடு இங்கே வந்துவிட வேண்டும் என்றேன்.